பனிமலைக்குப் போகிற வழியில் ஒரு பள்ளம்

பாஸ்டன் நகரத்திலிருந்து வடக்கே காரை விட்டால் நாலு மணி நேரத்துக்குள் அமெரிக்கா தீர்ந்துவிடும். அதற்கு மேல் கனடா. அப்படித் தீர்ந்து போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் ஏரிக்கரையில் சின்னதாக ஓர் ஊர். பெயர் நியூபோர்ட். மாநிலம் வெர்மான்ட். ஜனத்தொகை சுமார் 4,500. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் நம்மை இடித்துவிட்டுப் போகிறவர்களே இதைவிட அதிகம்!

போகிற வழி பூராவும் மாட்டுப் பண்ணையும் மேப்பிள் மரமும்தான். அக்டோபர் மாதம் போனால் மலைக்கு யாரோ தீ வைத்த மாதிரி ஒரே சிவப்பு. ஒன்றே ஒன்று மட்டும் கண்ணில் படாது. விளம்பரப் பலகை! 1968-இல் சட்டம் போட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கட்அவுட் நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகிய நமக்கு, ரோடு மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றும்.

நியூபோர்ட் ஏரியின் பெயர் மெம்ஃப்ரமேகாக். வாயில் வெற்றிலையோடு சொல்லிப் பார்க்க வேண்டாம். சுமார் 50 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி கனடாவுக்கு, மிச்சம் அமெரிக்காவுக்கு. பக்கத்து ஊரான டெர்பி லைனில் 1904-இல் திறந்த ஒரு நூலகம் இருக்கிறது. எல்லைக்கோடு அதன் தரை வழியாகவே ஓடுகிறது. வாசற்கதவு அமெரிக்காவில், புத்தக அலமாரி கனடாவில். நூறு வருஷத்துக்கு மேல் கனடாக்காரர்கள் விசா இல்லாமல் அந்த வாசல் வழியாக வந்து படித்துவிட்டுப் போனார்கள். 2025-இல் அதற்கும் அமெரிக்கா கட்டுப்பாடு போட்டுவிட்டது.

புத்தகம் படிக்க வருகிறவனுக்கே இந்தப் பாடு என்றால், நிரந்தரமாகக் குடியேற வருகிறவன் என்ன செய்வான்? வேறு வரிசையில் நிற்க இஷ்டமில்லை, கையில் பணம் இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. அந்த வழி இந்த ஊருக்குள்ளேயே வந்துவிட்டுப் போனது. வந்த சுவடுதான் தலைப்பில் உள்ள பள்ளம்.

பத்துப் பேருக்கு வேலை கொடு

1990-இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதில் ஒரு பிரிவுக்கு ஈபி-5 என்று பெயர். விஷயம் எளிமை. வெளிநாட்டுக்காரர் பத்து லட்சம் டாலர் முதலீடு செய்ய வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள இடமோ கிராமப்புறமோ என்றால் ஐந்து லட்சம் போதும். அந்தப் பணத்தால் அமெரிக்காவில் பத்துப் பேருக்கு முழுநேர வேலை கிடைக்க வேண்டும். (பணம் போட்டவர் தன் மனைவிக்கோ பிள்ளைக்கோ வேலை கொடுத்தால் கணக்கில் வரும் என்று நினைக்காதீர்கள். அவர்கள் சேர்த்தி இல்லை.) முதலில் இரண்டு வருஷத்துக்கு நிபந்தனையோடு ஒரு கிரீன் கார்டு. வேலைகள் உண்டானதை நிரூபித்தால் நிபந்தனை நீங்கும்.

1992-இல் இதற்கு ஒரு கிளை முளைத்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடை திறக்க வேண்டாம். பலருடைய பணத்தை ஒரு வட்டார மையத்தின் கீழ் சேர்த்துப் பெரிய திட்டமாகச் செய்யலாம். வேலைக் கணக்கிலும் தாராளம் காட்டினார்கள். ஹோட்டலில் வேலை பார்க்கிறவர் மட்டுமல்ல, ஹோட்டலுக்கு முட்டை சப்ளை செய்கிற பண்ணையில் கூடுதலாக வரும் ஆளும் கணக்கில் சேர்த்தி. பொருளாதார நிபுணர் ஒருவர் சூத்திரம் போட்டுச் சொன்னால் சரி. தலையை எண்ண வேண்டியதில்லை!

மலையில் பணம் கொட்டியது

நியூபோர்ட்டுக்கு மேற்கே ஜே பீக் என்று ஒரு மலை. உயரம் சுமார் 3,860 அடி, நம்ம ஊட்டியில் பாதி. ஆனால் பனி கொட்டுவதில் பேட்டைக்கே பெரியண்ணன். அந்த மலைக்கென்று தனியாக ஒரு மேகம் இருக்கிறது என்பது அங்கே வழங்கும் ஜோக். 1960-களிலிருந்தே உச்சிக்குப் போக ரோப் கார் உண்டு. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கூட்டம் வரும். கோடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வெர்மான்ட்டிலேயே வறுமையும் வேலையில்லாமையும் அதிகம் உள்ள மூலை இது. படித்த பையன் பஸ் ஏறினால் திரும்புவதில்லை. நமக்கு அந்நியமான கதையா என்ன?

2008-இல் ஏரியல் கிரோஸ் என்ற தொழிலதிபர் ஜே பீக்கை வாங்கினார். அங்கே பல வருஷமாக நிர்வாகத்தில் இருந்த பில் ஸ்டெங்கர் கூட்டாளி ஆனார். அதற்கு முன்பே வர ஆரம்பித்திருந்த ஈபி-5 பணம் தொடர்ந்து வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கட்டடங்கள் எழுந்தன. ஹோட்டல், ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கம், வெளியே பனி கொட்டும்போது உள்ளே வெதுவெதுவென்று குளிக்க ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா. உள்ளூர்க்காரர்களுக்கு நிஜமாகவே வேலை கிடைத்தது.

2012-இல் இன்னும் பெரிய அறிவிப்பு. நியூபோர்ட்டில் உயிரித் தொழில்நுட்ப ஆலை, மெயின் ரோட்டில் புதுக் கட்டடம், இன்னொரு மலையில் ஹோட்டல். மொத்தத்தில் அந்த வட்டாரத்துக்குப் பத்தாயிரம் வேலை! நியூபோர்ட்டில் குழந்தை குட்டியோடு எண்ணினாலும் நாலாயிரத்து ஐந்நூறு பேர்தான். இருந்தாலும் கை தட்டினார்கள். கவர்னர் கூட இருந்தார், செனட்டர் கூட இருந்தார். வட்டார மையத்தை நடத்தியதே மாநில அரசு. வெளிநாட்டில் பணம் கொடுக்கிறவருக்கு அந்த அரசு முத்திரையைவிட வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்? விளம்பரப் பலகையே வேண்டாம் என்ற மாநிலம்தான், ஆனால் அதன் பெயரே பெரிய விளம்பரமாகிவிட்டது.

இடித்தார்கள், கட்டவில்லை

2015-இல் நியூபோர்ட் மெயின் ரோட்டில் ஒரு பக்கக் கட்டட வரிசையையே இடித்தார்கள். கடைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். பள்ளம் தோண்டியாயிற்று. 2016 ஏப்ரலில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் (நம்ம ஊர் செபி மாதிரி) நீதிமன்றத்துக்குப் போனது. 74 நாடுகளைச் சேர்ந்தவர்களிடம் 35 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள், அதில் 20 கோடிக்கு மேல் வேறு காரியங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மலையை வாங்கியதே முதலீட்டாளர் காசில்தானாம். நியூயார்க்கில் சொகுசு ஃப்ளாட்டும் அதே காசில்தானாம். ஒரு திட்டத்தின் ஓட்டையை அடுத்த திட்டத்துப் பணத்தால் அடைப்பது. நம்ம ஊர் சீட்டுக் கம்பெனிகளுக்குச் சொல்லித்தர வேண்டாத வித்தை.

மெயின் ரோட்டுப் பள்ளம் வேலிக்குள் அப்படியே பல வருஷம் கிடந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'குட்டி பெய்ரூட்'. குண்டு விழாமலே குண்டு விழுந்த ஊராம்.

கிரோஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2022-இல் ஐந்து வருஷ சிறைத் தண்டனை பெற்றார். ஸ்டெங்கருக்கு 18 மாதம். அதே வருஷம் ஜே பீக் 7 கோடியே 60 லட்சம் டாலருக்கு வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கிரோஸின் கணக்குகள் இருந்த ரேமண்ட் ஜேம்ஸ் நிதி நிறுவனம், 2017-லேயே 15 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டிருந்தது. முதலீட்டாளர்களில் சிலருக்கு கிரீன் கார்டு வந்தது. திட்டம் பாதியில் நின்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். வேலை உண்டாகவில்லை, ஆகவே கார்டும் இல்லை.

ஏன் யாரும் கவனிக்கவில்லை?

யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக ஒரு தொழிலில் பணம் போட்டவன் ராத்திரி தூங்கமாட்டான். கணக்கைக் காட்டு, லாபம் எங்கே என்று நச்சரிப்பான். இங்கே பணம் போட்டவருக்கு லாபத்தில் பெரிய அக்கறை இல்லை. அவர் வாங்க வந்தது கார்டு. ஊருக்கு வேண்டியது வேலை. அரசியல்வாதிக்கு வேண்டியது ரிப்பன் வெட்டுகிற போட்டோ. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைப் பார்க்க ஆளில்லை!

முதலில் விழித்துக்கொண்டது முதல் ஹோட்டலுக்குப் பணம் கொடுத்த 35 பேரில் சிலர். 2013-இல் அவர்களுடைய பங்கைக் கேட்காமலே கடன் பத்திரமாக மாற்றிவிட்டு, மாதக்கணக்கில் கழித்துத்தான் கடிதம் போட்டார்கள். அவர்கள் புகார் சொன்னார்கள். வி.டி.டிகர் என்ற சின்ன உள்ளூர் செய்தி நிறுவனம் விடாமல் எழுதியது. மற்றவர்கள் அதற்கப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். குறைந்தபட்சத் தொகை இப்போது எட்டு லட்சம் டாலர்; சலுகை இல்லாத இடத்தில் பத்தரை லட்சம். வட்டார மையங்களுக்குத் தணிக்கை உண்டு. பணத்தைக் கண்காணிக்க வெளியாள் ஒருவரோ, வருஷாந்திரத் தணிக்கையோ வேண்டும். ஏமாந்த முதலீட்டாளர் வேறு திட்டத்துக்கு மாறவும் வழி வைத்தார்கள். விசாக்களில் 20 சதவீதம் கிராமப்புறத் திட்டங்களுக்கென்றே ஒதுக்கீடு. அதாவது நியூபோர்ட் மாதிரி ஊர்களின் கதவை இன்னும் பலமாகத் தட்டப் போகிறார்கள்.

நம்மவர்களுக்கு இதில் என்ன? நிறைய. ஹெச்-1பியில் போன நம் பையன்கள் கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து வருஷம் நிற்கிறார்கள். பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால் அது அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் என்ற பயம் வேறு. அப்போதுதான் ஏஜென்ட் வருகிறார். எட்டு லட்சம் டாலர் என்றால் ஏறக்குறைய ஏழு கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி விதிப்படி இங்கிருந்து ஒருவர் ஒரு வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர்தான் அனுப்பலாம். ஆகவே அப்பா, அம்மா, அண்ணன் என்று குடும்பமே சேர்ந்து அனுப்ப வேண்டியிருக்கும். ஒருவர் பெயரில் விசா, நாலு பேர் தலையில் பாரம்.

போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஜே பீக் இன்றும் நடக்கிறது. ரோப் கார் ஏறுகிறது, நீர்ப்பூங்காவில் குழந்தைகள் கத்துகிறார்கள், டிக்கெட் கிழிப்பவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். அந்தச் சம்பளம் 74 நாட்டுக்காரர்கள் போட்ட காசில் முளைத்ததுதான்.

ஆனால் ஏஜென்ட் வழவழ காகிதத்தில் அச்சிட்ட புத்தகத்தை விரித்தால், படத்தில் உள்ள ஹோட்டல் எத்தனை மாடி என்று கேட்காதீர்கள். பத்து வேலை என்கிறீர்களே, அதில் நிஜமான ஆள் எத்தனை, சூத்திரத்தில் பிறந்த ஆள் எத்தனை என்று கேளுங்கள். பணம் யார் கையில் இருக்கும், அதை எடுக்க யார் யார் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள். முகம் சுளித்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். செலவு பதினைந்து ரூபாயோடு போகும்.