முடியப்பர் திருநாளில் மான் பூங்கா

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு மறுநாள் புனித முடியப்பரின் திருநாள். இங்கிலாந்தில் அன்று விடுமுறை. முதல்நாள் விருந்தில் வயிறார உண்டவர்கள் மறுநாள் குடும்பத்தோடு வெளியே சென்று நெடுந்தூரம் நடப்பது அந்நாட்டார் வழக்கம். லெஸ்டர் நகரில் மகளின் இல்லத்தில் தங்கியிருந்த எங்களையும் மருமகன் அவ்வாறே அழைத்துச் சென்றார். "நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், மாமா, காலையிலேயே புறப்பட்டால்தான் உண்டு" என்று அவசரப்படுத்தினார். என் மனைவி இரண்டு கம்பளிச் சட்டைகளை அணிந்து, அவற்றின்மேல் மகளின் குளிரங்கியையும் மாட்டிக்கொண்டாள். "நடப்பதற்குக் கொஞ்சம் இடம் விடு" என்றேன். பதில் கிடைக்கவில்லை.

நகருக்கு வடமேற்கே, நியூட்டவுன் லின்ஃபர்டு என்னும் சிற்றூரை ஒட்டியுள்ளது பிராட்கேட் பூங்கா. பூங்கா என்றதும் மலர்ப் பாத்திகளையும் ஊஞ்சலையும் எதிர்பார்த்துச் சென்ற நான் ஏமாந்தேன். ஏறத்தாழ 850 ஏக்கர் பரப்பில் கரடுமுரடான குன்றுகள். பழுப்பேறிச் சாய்ந்து கிடக்கும் பெரணிப் புதர்கள். இலையுதிர்ந்த ஓக் மரங்கள். தாழ்நிலத்தில் லின் என்னும் சிற்றாறு. இங்குள்ள பாறைகளின் வயது ஏறத்தாழ 56 கோடி ஆண்டுகள் என்பர். மான்களை அடைத்து வளர்த்த வேட்டைக்காடாக இவ்விடம் 1241-ஆம் ஆண்டிலேயே குறிக்கப்பட்டுள்ளது. பிரபுக்களின் உடைமையாக இருந்த இந்நிலத்தைக் காலணி இயந்திரத் தொழிலதிபரான சார்லஸ் பென்னியன் 1928-இல் விலைக்கு வாங்கி, லெஸ்டர்ஷயர் மக்களுக்கென்று கொடுத்துவிட்டார்.

அரைமணி நேரம் நடந்தும் ஒரு மானையும் காணோம். திடீரென்று மகள் கையை நீட்டினாள். நான் புதர் என்று எண்ணியிருந்தது தலையைத் திருப்பிற்று! பெரணியின் நிறமும் மானின் நிறமும் ஒன்றே. பின்னர் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. இங்கே இரண்டு இனங்கள் உள்ளன. பெரியது செம்மான், கிளைகிளையாக விரிந்த கொம்புடையது. சிறியது ஃபேலோ மான். கோடையில் நம் புள்ளிமானைப் போலப் புள்ளிகள் கொண்டிருக்கும், குளிர்காலத்தில் அவை பெரிதும் மங்கிவிடும். ஆனால் நம் புள்ளிமானுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. ஆண்மானின் கொம்பு நுனியில் விரிந்த உள்ளங்கை போல அகன்றிருக்கிறது.

அப்பொழுதுதான் ஏழு வயதுப் பேத்தி தன் குளிரங்கியின் பையிலிருந்து நான்கு கேரட்டுகளை எடுத்தாள். வீட்டிலிருந்தே ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறாள். "தாத்தா, ஒன்றே ஒன்று கொடுக்கட்டுமா? பாவம், குளிரில் பசிக்கும்." எனக்கு மறுக்க மனம் வரவில்லை. "சரி" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாக, வழியில் வந்த பூங்காக் காவலர் ஒருவர், நடுத்தர வயதுப் பெண்மணி, நின்று குழந்தையிடம் பொறுமையாகப் பேசினார்.

அவர் கூறியது எனக்கும் புதிது. இலையுதிர் காலத்து இணைசேரும் பருவத்தில் ஆண்மான்கள் மேய்ச்சலை மறந்து ஒன்றோடொன்று பொருதும். உடல் இளைத்தே குளிர்காலத்தை அடையும். பெண்மான்களின் வயிற்றிலோ ஜூன் மாதம் பிறக்கவேண்டிய கன்று வளர்கிறது. குளிரில் இரண்டும் அசைவைக் குறைத்து, சேர்த்துவைத்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றன. மனிதர் நெருங்கினாலும் நாய் துரத்தினாலும் அவை ஓட நேரிடும். ஒவ்வோர் ஓட்டத்திலும் அந்தச் சேமிப்பு கரைகிறது. கையால் தீனி கொடுத்துப் பழக்கினால் அவை மனிதரைக் கண்டு அஞ்சுவதை விட்டுவிடும். பிறகு குழந்தையென்றும் பாராமல் முட்டும். பேத்தி கேரட்டுகளை மெல்லப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளைவிட எனக்கே வெட்கமாயிருந்தது.

"இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் மான்கள் பெருகிவிடாவோ?" என்று என் மனைவி மகளிடம் கேட்டாள். மகள் குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் விடை சொன்னாள். பிரித்தானியாவில் ஓநாய் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. வேலிக்குள் மான் பெருகினால் மேய்ச்சல் போதாது. ஆகவே இத்தகைய பூங்காக்களில் கணக்குப் பார்த்துச் சிலவற்றைச் சுட்டுக் குறைப்பார்களாம். அதன்பின் சிறிது தூரம் நாங்கள் பேசாமல் நடந்தோம்.

பாதையின் ஓரத்தில் செங்கல் மாளிகையொன்று இடிந்து நிற்கிறது. லேடி ஜேன் கிரே வளர்ந்த இல்லம் அது. 1550-இல் அறிஞர் ரோஜர் ஆஸ்கம் அங்கே வந்தபோது, வீட்டார் அனைவரும் இதே காட்டில் வேட்டையாடச் சென்றிருந்தனராம். சிறுமி ஜேன் மட்டும் தனியே அமர்ந்து பிளேட்டோவைக் கிரேக்க மொழியில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாண்டுகளுக்குப் பின் பெரியவர்களின் ஆசைக்காக அவள் அரசியாக அறிவிக்கப்பட்டாள். ஒன்பது நாளில் அப்பதவி பறிபோயிற்று. 1554 பிப்ரவரி 12-ஆம் நாள் அந்த இளம்பெண்ணின் தலை வெட்டப்பட்டது. அவள் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவள். ஆணையிட்ட மேரி அரசி கத்தோலிக்கர். நாம் மறைப்பதற்கில்லை. அத்துயரத்தால் பூங்காவின் ஓக் மரங்களையும் தலை தறித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. தலை தறித்த முதிய மரங்கள் இங்கே இருப்பது உண்மையே. ஆனால் மரத்தை உயரத்தில் வெட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு: புதிதாகத் துளிர்க்கும் கிளைகள் மானின் வாய்க்கு எட்டா.

குன்றின்மேல் 1784-இல் கட்டிய 'ஓல்டு ஜான்' கோபுரம் பீர்க் குவளை போல் நிற்கிறது. மனைவியின் கம்பளிச் சுமையை முன்னிட்டு, அதைக் கீழிருந்தே பார்த்துத் திருப்தி அடைந்தோம்.

திரும்பும்போது வானம் செம்மையேறி மங்கத் தொடங்கிற்று. சற்றுத் தொலைவில் பெண்மான்கள் ஏழெட்டு, வரிசையாகப் பாதையைக் கடந்தன. பேத்தி தானாகவே நின்றாள். எங்களையும் கைநீட்டி நிறுத்தினாள். கடைசி மான் எங்களை ஒருகணம் பார்த்தது. பிறகு ஓடாமல், நடந்தே பெரணிக்குள் மறைந்தது.

அன்றிரவு சாம்பாரில் கேரட் சற்று மிகுந்திருந்தது.