அம்மாவின் வலக்கை

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அடுப்பங்கரையில் சிந்திக் கிடந்த ஒரு கரண்டி எண்ணெயினால் எங்கள் குடும்பத்தில் பெரிய புரட்சி ஒன்று உண்டாயிற்று. அம்மா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரத்துக்கு இந்தக் கை ஒரு வேலையும் செய்யக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அம்மா தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ராத்திரிக்கு மாவு இருக்கிறது. யாராவது சட்னி மட்டும் அரைத்துவிட்டால் போதும்" என்றாள். அந்த "யாராவது" யார் என்ற கேள்விக்குத்தான் எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

எங்கள் குடும்பம் பெரிய குடும்பம் அல்ல, ஐந்தே பேர். என் மனைவிக்குப் பாங்கியில் உத்தியோகம். காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் இரவு ஏழுக்குத்தான் வீடு திரும்புவாள். திரும்பிய பிறகு துணிமணிகளும் பாத்திரங்களும் அவளை எதிர்பார்த்துக் காத்திருக்கும். பையன் கலாசாலையில் படிக்கிறான், பெண் பள்ளிக்கூடத்தில். நானோ ஆபீஸ், பத்திரிகை, நண்பர்கள் ஆகிய மூன்று கவலைகளையும் சுமந்துகொண்டிருப்பவன். வருஷந்தோறும் ஆகஸ்டு 15-ந் தேதியன்று எங்கள் தெருக் கொடிக் கம்பத்தின் அடியில் நின்று, சுதந்திரத்தின் மகிமையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுகிறவனும் நான்தான். பேசி முடித்து வீட்டுக்குள் நுழைந்ததும், "அம்மா, காபி!" என்று உரக்கக் கூப்பிடுகிறவனும் நான்தான்.

முதல் இரண்டு நாள் ஹோட்டல் சாப்பாடு வந்தது. பையனுக்குப் பரம சந்தோஷம். மூன்றாம் நாள் அவன் வயிறே சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டது. அன்றிரவு என் மனைவி, "ஒரு மாதம் லீவு போட்டுவிடுகிறேன்" என்றாள். எனக்கு மனத்திலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஆனால் மறு கணமே ஒரு விஷயம் உறுத்தியது. லீவு நானும் போடலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை; அம்மாவுக்குத் தோன்றவில்லை; எனக்கும் தோன்றவில்லை!

இந்த நோய் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது அல்ல. 2024-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் ஒரு நேரக் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்களோ 88 நிமிஷந்தான் செலவிடுகிறார்கள் என்றும் அதில் தெரிந்தது. அந்த 88 நிமிஷக்காரர்களின் ஜாபிதாவில்கூட என் பெயர் இருந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து அடுப்பங்கரைக்குள் பிரவேசித்தேன். அம்மா மடக்கு நாற்காலி ஒன்றை வாசற்படி ஓரத்தில் போடச் சொல்லி, மாவுக்கட்டுக் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன சமைக்கப் போகிறாய்?" என்று கேட்டாள்.

"சாதாரணமாகச் செய்வதுதான். ஒரு சாம்பார், ஒரு ரசம், ஒரு பொரியல், ஒரு கூட்டு, நாலு அப்பளம்" என்றேன்.

அம்மா சிரித்தாள். "அவ்வளவும் சாதாரணம் என்று உனக்கு யாரடா சொன்னது? உன் அப்பா கேட்டார், செய்தேன். நீ கேட்டாய், செய்தேன். அடுப்பு எத்தனை கேட்கிறது என்று நீங்கள் யாரும் விசாரிக்கவில்லையே!"

அன்று தொடங்கியது என் கல்வி. முதற் பாடம், எண்ணிக்கையைக் குறைப்பது. காலை ஆகாரத்துக்கு வெண்பொங்கல். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர், வேண்டிய உப்பு. குக்கரில் ஐந்து விசில் வந்ததும் இறக்கி, நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தீர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அதே குக்கரில் கீழ்த் தட்டில் துவரம்பருப்பு, நடுத் தட்டில் அரிசி, மேலே ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது; ஆவியை அடைத்து வைத்தால் ஏறத்தாழ 120 டிகிரி வரை ஏறும். ஆகவே முக்கால் மணி வேலை கால் மணியில் முடிகிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மூன்றும் வெந்து காத்திருந்தன.

"இதென்ன அதிசயம்! என் அப்பாவிடம் இக்மிக் குக்கர் இருந்தது. அடியில் கரி போட்டு வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போவார்; வந்து திறந்தால் சாதமும் பருப்பும் தயாராக இருக்கும்" என்றாள் அம்மா. 1910-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் என்பவர் கண்டுபிடித்த சுதேசிச் சாதனம் அது. தனியே வசித்த உத்தியோகஸ்தர்கள் பலருக்கு அன்னதாதாவாக விளங்கியது.

இரண்டாம் பாடம், ஒரு நாள் உழைப்பை ஏழு நாளைக்குப் பங்கிடுவது. ஞாயிற்றுக்கிழமை நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம் சேர்த்து ஊறவைத்து அரைத்தோம். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம், கடைசியில் மிஞ்சியது குழிப்பணியாரம். அதே ஞாயிறன்று நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி, பருப்புப் பொடி ஒரு டப்பா. இவ்விரண்டும் இருக்கும் வீட்டில், எவ்வளவு நேரங்கழித்து வந்தாலும் பத்து நிமிஷத்தில் ஒருவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாம்.

அடுப்பின் முன் நின்ற அந்த நாட்களில் ஒன்று விளங்கிற்று. 1950-களில் கோயமுத்தூரில் மின்சார கிரைண்டர் தோன்றியது. 1959-ல் பிரஷர் குக்கர் நம் நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது. அப்புறம் காஸ் அடுப்பும் மிக்ஸியும் வந்தன. ஆட்டுக்கல்லும் அம்மியும் கொல்லைப்புறத்துக்குப் போயின. கைக்கு உழைப்புக் குறைந்தது உண்மைதான். ஆயினும் கை மாறியதா? ஆட்டுக்கல்லைச் சுற்றிய அதே கைதான் கிரைண்டரின் விசையையும் தட்டிற்று. யந்திரங்கள் வந்தன, வேலை இடம் மாறவில்லை.

இந்த இடத்தில் காந்தியடிகளின் "சத்திய சோதனை" நினைவுக்கு வருகிறது. ஜோஹானஸ்பர்க் நகரத்தில் நல்ல வருமானமுள்ள பாரிஸ்டராக இருந்தபோதே, கடை ரொட்டி வேண்டாம் என்று தீர்மானித்தார் அவர். கையால் சுற்றும் மாவரைக்கும் யந்திரம் ஒன்றை ஏழு பவுன் கொடுத்து வாங்கி, முழுக்கோதுமை மாவில் வீட்டிலேயே ரொட்டி செய்ய ஏற்பாடு செய்தார். யந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றியவர்கள் யார்? பெரும்பாலும் அவரும், அவருடைய நண்பர் போலக்கும், குழந்தைகளும். கஸ்தூரிபா எப்போதாவதுதான் கைகொடுத்தாராம். இந்தப் புத்தகத்தை நான் மூன்று தரம் படித்திருக்கிறேன். மூன்று தரமும் அந்தச் சக்கரம் என் கண்ணில் படவேயில்லை!

ரொட்டி என்றதும் கேக் கதையைச் சொல்ல வேண்டும். ஆவணி மாதத்தில் என் பெண்ணுக்குப் பன்னிரண்டாவது பிறந்த நாள். வருஷந்தோறும் கடையில் கேக் வாங்குவது வழக்கம். என் புதிய பாண்டித்தியத்தைப் பார்த்துவிட்டு அவள், "இந்த வருஷம் நீங்களே செய்யுங்கள், அப்பா" என்றாள். எங்கள் வீட்டில் வெதுப்படுப்பு கிடையாது. எப்படிச் செய்வது என்று விழித்தேன்.

"மணல் இருக்கிறதா? மூடியுள்ள கனமான பாத்திரம் இருக்கிறதா? அது போதும்" என்றாள் அம்மா.

முதல் நாள் ஒத்திகை பார்த்தேன். மாவைக் கலந்து வைத்திருந்த சமயத்தில் ஆபீஸிலிருந்து டெலிபோன் வந்தது. அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து அடுப்பில் ஏற்றினேன். வெந்து வந்த பண்டத்தைப் பையன் விரலால் தட்டிப் பார்த்து, "கொல்லைச் சுவரில் ஒரு கல் குறைகிறது, அப்பா" என்றான். குற்றம் என்னுடையதுதான். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்தவுடனே கரியமில வாயு உண்டாகத் தொடங்கிவிடுகிறது. அந்தக் குமிழிகள்தாம் கேக்கை மிருதுவாக்குகின்றன. மாவைக் காக்க வைத்தால் குமிழிகள் பறந்துவிடும், கல்தான் மிஞ்சும்.

மறுநாள் கவனமாகச் செய்தேன். பழுத்த வாழைப்பழம் மூன்றை மசித்து, முக்கால் டம்ளர் நாட்டுச் சர்க்கரை, அரை டம்ளர் தயிர், கால் டம்ளருக்குச் சற்று அதிகமாக எண்ணெய் சேர்த்துக் கலக்கினேன். ஒன்றரை டம்ளர் கோதுமை மாவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சோடா உப்பும் போட்டுச் சலித்தேன். பழைய கனமான குக்கரில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, ரப்பரையும் குண்டையும் எடுத்துவிட்டு மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கினேன். பிறகே மாவு இரண்டையும் ஒன்றாகக் கலந்து, நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, உடனே உள்ளே வைத்தேன். சிறு தீயில் முக்கால் மணி நேரம். சுத்தமான ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும், வந்தது. இப்படி வறட்டுச் சூட்டில் வைத்த குக்கரை மறுபடி ஆவி அழுத்தத்துக்கு உபயோகிக்காமல் இருப்பது நல்லது என்பதையும் சகோதரிகளுக்கும், முக்கியமாகச் சகோதரர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

வீடு முழுவதும் வாசனை பரவியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். "உனக்கு ஒரு வயது நிறைந்தபோது இதே வாசனைதான்" என்றாள்.

"எப்போது? யார் செய்தார்கள்?"

"நான்தான். கும்முட்டி அடுப்பில் பித்தளைப் பானையை வைத்து, மணல் போட்டு, தட்டால் மூடி, தட்டின்மேலும் தணல் அள்ளிப் போட்டுச் செய்தேன். அடுத்த வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள்."

"அப்புறம் ஏன் அம்மா, ஒரு நாளும் செய்யவில்லை?"

"நன்றாயிருக்கிறதே! பதினொரு பேருக்கு மாவு அரைக்கிறவளுக்குக் கேக் செய்ய ஏதடா நேரம்?"

இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கைக்கு என்ன செய்ய ஆசை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று முதல் துண்டைப் பெண் பாட்டிக்குக் கொடுத்தாள். அம்மா இடது கையால் வாங்கிக்கொண்டு, சூடு ஆறுமுன்னே தின்றாள். எங்கள் வீட்டில் அம்மா எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டதை நான் பார்த்தது அந்த ஆறு வாரங்களில்தான்.

இதோடு கதையை முடித்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி முடியவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பங்கரைக்கு வந்தாள். நான் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். பையன் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். "நீ போய் உட்கார், அம்மா. இனிமேல் இந்தப் பக்கமே வரவேண்டாம்" என்றேன், மகா தியாகி போல. அவள் ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினாள்.

என் மனைவிதான் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "கேட்காமல் வேலையைச் சுமத்தினீர்கள். இப்போது கேட்காமல் பிடுங்கிக்கொள்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?"

அந்த ஒரு கேள்வி, என் பத்து வருஷக் கொடிக் கம்பப் பிரசங்கங்களையும் தவிடுபொடியாக்கிவிட்டது. அம்மாவிடம் போய், "உனக்கு என்ன இஷ்டம், அம்மா?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டது அதுவே முதல் தடவை.

அம்மா யோசிக்கவே இல்லை. பதில் தயாராக இருந்தது. "ரசம் மட்டும் நான் வைக்கிறேன். நீ வைப்பது வாயில் வைக்க வழங்கவில்லை. அரைப்பது, தூக்குவது, தேய்ப்பது எல்லாம் உங்கள் பாடு. அப்புறம், மாசத்துக்கு ஒரு கேக். அதை நான் செய்வேன். யாரும் குறுக்கே வரக் கூடாது."

அந்த உடன்படிக்கை இன்றளவும் எங்கள் வீட்டில் அமுலில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மணல் போட்ட குக்கர் அடுப்பில் ஏறுகிறது. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஈர்க்கும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். அன்று பாத்திரம் தேய்க்கும் முறை என்னுடையது.