குன்றிமணி எடை

சென்ற பொங்கலுக்கு நம் தம்பி அமெரிக்காவிலிருந்து நைனார்பாளையத்துக்கு வந்திருந்தான். அவன் பெட்டியைத் திறந்ததும் வீட்டிலுள்ள சிறியோர் பெரியோர் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மிட்டாய் வந்தது, சட்டைகள் வந்தன, அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வந்தது. கடைசியில், பழைய பனியன் ஒன்றில் பத்திரமாகச் சுற்றியிருந்த ஒரு சிறிய மின்னணுத் தராசு வந்தது.

"ஏண்டா, வேலையை விட்டுவிட்டு நகைக்கடை வைத்துவிட்டாயா?" என்றாள் அம்மா.

"இல்லை, அம்மா. இது மருந்து நிறுக்கிற தராசு" என்றான் தம்பி.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிள்ளைக்குத் தேசாந்தரத்தில் என்ன வியாதியோ, வேளைக்கு எவ்வளவு சூரணம் தின்கிறானோ என்று அவள் கவலைப்படத் தொடங்கினாள். அவன் சொன்னது துப்பாக்கி மருந்து என்று அவளுக்கு விளங்க வைப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. விளங்கிய பின் அவளுடைய கவலை இரட்டிப்பாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். தம்பி வசிக்கும் கொலராடோ மாகாணத்தில், 'எல்க்' என்னும் பெரிய மானை வேட்டையாடச் சர்க்காரே பருவம் குறித்து, எண்ணிக்கை குறித்து, அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறது. நமது நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்குச் செய்த திருத்தமும் வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கும் தோட்டா செய்வதற்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அங்கேயோ, வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே வீட்டில் தயாரித்துக்கொள்கிறார்கள். நம் தம்பியும் அவர்களில் ஒருவன்.

நமக்கு இது பிடிக்கவில்லை. நாம் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்து வருகிறோம். தராசு என்பது உண்மையை அறிவதற்கு ஏற்பட்ட கருவி என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். அதை வாயில்லாப் பிராணியைக் கொல்வதற்கு ஒருவன் உபயோகிக்கிறான் என்றால், அவன் கூடப்பிறந்தவனேயானாலும் கண்டிக்காமல் இருக்க முடியுமா? அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து நன்றாகவே கண்டித்தோம்.

தம்பி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணா! தாத்தாவின் மக்காச்சோளக் கொல்லை ஞாபகம் இருக்கிறதா?" என்றான்.

இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு. நமக்கு வயது பதினொன்று, தம்பிக்கு எட்டு. நைனார்பாளையத்துக்கு வடமேற்கே வானத்தை மறைத்து நிற்கும் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மலையிலிருந்து காட்டுப் பன்றிகள் இறங்கி வந்தால், ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் போய்விடும். ஆகையால் தாத்தா பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்று ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழலின் வாய் வழியாகக் கெட்டிக்கும் பழைய காலத்துத் துப்பாக்கி அது. கரிமருந்தை உள்ளங்கைக் குழியில் கொட்டிக் கண்ணால் மதிப்பிட்டுக் குழலில் போடுவார். தேங்காய் நாரைத் திணித்து இரும்புக் கம்பியால் இடிப்பார். பிறகு ஈயக் குண்டு, அதன்மேல் மறுபடியும் நார். "எத்தனை மருந்து, தாத்தா?" என்று கேட்டால், "கை சொல்லும்டா" என்பார்.

அன்றிரவு பரண்மேல் தாத்தாவும் நாமும் தம்பியும் இருந்தோம். மூன்று கட்டை டார்ச் விளக்கைப் பிடிக்கும் உத்தியோகம் நமக்கு. கொல்லையில் தட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. தாத்தா சொன்னதும் விளக்கைப் போட்டோம். நாற்பதடி தூரத்தில் பெரிய பன்றி ஒன்று நிமிர்ந்து பார்த்தது. வெடி வெடித்தது. புகை கலைந்தபோது பன்றியைக் காணவில்லை. விடிந்ததும் பார்த்தால், வாய்க்கால் வரையில் இரத்தத் துளிகள். மூன்றாம் நாள் ஓடைக்கரைப் புதருக்குமேல் பருந்துகள் வட்டமிட்டன. தாத்தா தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. "கண் மங்கிவிட்டது. இனிமேல் இந்தச் சனியன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு தகர டப்பாவைத் தட்டித்தான் பன்றி விரட்டினார்.

"அந்தப் பன்றி மூன்று நாள் உயிரோடு கிடந்ததே, அதை நான் மறக்கவில்லை. சுடாமலே இருப்பது ஒரு வழி. சுட்டால் ஒரே குண்டில் முடிக்க வேண்டும். நடுவில் வேறு வழி இல்லை, அண்ணா" என்றான் தம்பி.

பிறகு அவன் தன் தொழில் முறையை விவரித்தான். தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளைக் கூடு, அடியில் நெருப்புக் கொடுக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பின் மற்ற மூன்றும் போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டைத் துடைத்து, வெடித்தபோது விரிந்ததை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுவிட்ட கழுத்தைச் சமமாகக் கத்தரித்து, புதிய கேப்புப் பொருத்தி, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டை எப்போதும் ஒரே ஆழத்தில் இறக்க வேண்டும். மருந்து நிறுக்கும் அளவுக்குக் 'கிரெயின்' என்று பெயர். தானிய மணியைக் கொண்டு ஏற்பட்ட நிறை அது, அறுபத்தைந்து மில்லிகிராம். நம் தட்டார்களின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் இருக்கும். தம்பியின் தராசோ ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது. அதாவது, குன்றிமணியை இருபது கூறு போட்டால் அதில் ஒரு கூறு!

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்றோம்.

"அறுநூறு கெஜத்துக்கு அப்பால் போய்ச் சேரும்போது, குண்டு நேர்கோட்டிலிருந்து பத்தடிக்கு மேல் கீழே இறங்கியிருக்கும். அந்த இறக்கம் எப்போதும் ஒரே அளவாயிருந்தால் பாதகமில்லை. கணக்குப் போட்டு உயர்த்திக் குறி வைக்கலாம். ஆனால் மருந்து ஒரு தோட்டாவில் கூடியும் ஒன்றில் குறைந்தும் இருந்து, வேகத்தில் வினாடிக்கு ஐம்பதடி வித்தியாசப்பட்டால், குண்டு விழும் இடம் நாலைந்து அங்குலம் மாறிவிடும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும்."

சரியான மருந்தளவைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு விதி உண்டாம். தயாரிப்பாளர் அச்சிட்டுள்ள அட்டவணையில் கீழ் அளவிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகத்தான் ஏற வேண்டும். மேல் எல்லையைத் தாண்டினால் துப்பாக்கியே வெடித்துச் சுடுகிறவனுக்கு யமனாகும். ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டு சுட்டு, அவை எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று அளக்க வேண்டும். இரண்டு குண்டு ஒட்டி விழுந்துவிட்டதென்று குதிக்கக் கூடாது. அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். மறுநாளும் அப்படியே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் சரியாக அமைந்த மருந்து வெயில் காலத்தில் வேகம் கூடிவிடக்கூடும். ஆகையால் அன்றைய உஷ்ணத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மருந்தை மாற்றினால் குண்டை மாற்றாதே. குண்டை மாற்றினால் மருந்தை மாற்றாதே. இரண்டையும் சேர்த்து மாற்றினால் பலன் தெரியும், காரணம் தெரியாது.

நாம் வாயடைத்துப் போனோம். பரிசோதனைச் சாலையில் நாம் ஆண்டுதோறும் தொண்டை கிழியச் சொல்லும் பாடத்தை, நம் தம்பி நமக்கே ஒப்புவித்துக்கொண்டிருந்தான்!

குண்டின் வேகத்தை அளப்பதற்கும் அவனிடம் ஒரு மின்னணுக் கருவி உண்டாம். அதைக் கேட்டதும் நமக்கு ஒரு பழைய மனிதரின் ஞாபகம் வந்தது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742-இல் பீரங்கி சாஸ்திரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கனத்த மரக்கட்டையை ஊசல்போல் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடும் உபாயத்தை உலகுக்குச் சொன்னவர் அவர். இன்றைக்கும் பதினொன்றாம் வகுப்பில் உந்த அழிவின்மை நடத்தும்போது அந்த ஊசலைப் பலகையில் வரைகிறோம். வேகமாகப் போகும் குண்டைக் காற்று எவ்வளவு பலமாகத் தடுக்கிறது என்று காட்டியவரும் அவரே. வழவழப்பான குழலில் தளர்ந்து போகும் குண்டு தாறுமாறாகச் சுழன்று பக்கவாட்டில் விலகிவிடும் என்றும், குழலுக்குள் திருகு வரி வெட்டினால் குண்டு நேரே செல்லும் என்றும் அவர் விளக்கினார். மேதை ஆய்லர் 1745-இல் அந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து உரையும் எழுதினார்.

இந்த ராபின்ஸ் எங்கே காலமானார் தெரியுமா? கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில்! கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்தவர், 1751-இல் அங்கேயே காய்ச்சலில் மாண்டார். நைனார்பாளையம் 1993 வரையில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். ஆக, குறி தவறுவதன் காரணத்தை முதன்முதலில் ஆராய்ந்து கண்டவர் நம் ஜில்லாவின் மண்ணில்தான் அடங்கினார். நம் நாட்டு வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்று, அதே மருந்தால் நம்மை ஆண்டவர்களின் ஊழியர் அவர் என்பதையும் மறப்பதற்கில்லை. பின்னர் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியன் அனுமதியின்றித் துப்பாக்கியைத் தொடலாகாது என்றது. நமது கிராமத்தார் கையில் அவருடைய துப்பாக்கி சாஸ்திரம் வரவில்லை. "கை சொல்லும்" என்ற சாஸ்திரந்தான் மிஞ்சியது.

"அப்படியானால் நீ அறுநூறு கெஜத்தில் சுடுகிறாயா?" என்று கேட்டோம்.

தம்பி தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினான். காகித இலக்கை அறுநூறு கெஜத்தில் சுட்ட கணக்குகள் நிறைய இருந்தன. உயிருள்ளதைச் சுட்ட கணக்குகள் மூன்றே மூன்று. எல்லாம் இருநூறு கெஜத்துக்கு உட்பட்டவை. மற்ற இடங்களில் தேதி போட்டு, 'சுடவில்லை' என்று எழுதியிருந்தான்.

"மருந்தை நிறுக்கலாம், அண்ணா, காற்றை நிறுக்க முடியாது. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்று, அந்தத் தூரத்தில் குண்டை இரண்டடி தள்ளிவிடும். குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டால்? எவ்வளவு தூரம்வரையில் சுடலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு நிறுவையும்."

கொல்வதைப் பற்றிய நம் அபிப்பிராயம் மாறிவிடவில்லை. ஆனால் கண்டிப்பதற்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது. முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தம்பியிடம் சொன்னோம்:

"அன்றைக்குத் தாத்தாவின் கண் மங்கவில்லை. விளக்கு அசைந்தது. அதைப் பிடித்திருந்தது என் கை."

தம்பி வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "எனக்குத் தெரியும், அண்ணா. பன்றியைப் பார்த்துப் பயந்து உன் கையைப் பிடித்து இழுத்தவன் நான்தான்" என்றான்.

அந்தப் பிடி நமக்கு ஞாபகமே இல்லை. பயத்தில் நாமாகவே அசைத்துவிட்டோம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தோம்.

அவன் ஊருக்குத் திரும்பும்போது தராசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனான். மறு வாரம் வகுப்பில் ஒரு பரிசோதனை செய்தோம். ஒரு மாணவனை அழைத்துக் கேழ்வரகை உள்ளங்கைக் குழியில் 'ஒரே அளவாக' ஐந்து தடவை அள்ளச் சொல்லி நிறுத்தோம். ஐந்தும் ஐந்து எடை. மாணவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து, "ஐயா, அப்படியானால் கையளவில் போட்ட எதிலும் தப்பு எதனால் வந்தது என்று சொல்லவே முடியாதா?" என்று கேட்டாள்.

முடியாது என்றோம். கையளவு மருந்து, தளர்ந்த குண்டு, வழவழப்பான குழல், அசைந்த விளக்கு, பயந்த ஒரு சிறுவன்: இத்தனையும் ஒரே இரவில் மாறினால், எது காரணம் என்று எந்தத் தராசும் சொல்லாது. தாத்தாவுக்கு விளக்கு அசைந்தது தெரிந்திருக்கும். இரண்டு குழந்தைகளில் ஒருவர்மேலும் சுமத்தாமல், பழி முழுவதையும் தம் கண்ணின்மேலேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஐந்து எடைகளையும் நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளச் சொன்னோம்.