வரைபடத்தில் இல்லாத தீவில் ஒரு விடுதி

பிரயாணம் என்றவுடன் கப்பலும் புகைவண்டியும் ஆகாய விமானமுமே நம் நினைவுக்கு வரும். இவற்றுள் எதுவும் வேண்டாது, கணனியின் முன் அமர்ந்தபடியே சென்று மீளத்தக்க தீவொன்று உளது. இஸ்லா பரதீசோ என்பது அதன் பெயர். எந்நாட்டு வரைபடத்திலும் அதனைக் காணவியலாது. பெயரின் முற்பகுதி ஸ்பானிய மொழியிலே தீவு எனப் பொருள்படும்; பிற்பகுதியோ இத்தாலிய மொழியிலே சுவர்க்கம் எனப் பொருள்படும். இரு மொழிகளிடம் ஒவ்வொரு சொல்லைக் கடன்வாங்கி ஒட்டிய இப்பெயரே, அத்தீவு எத்தேசத்துக்கும் உரியதன்று என்பதை உணர்த்திவிடுகின்றது. அங்கே ஓர் உல்லாச விடுதியைச் சிறப்புற நடத்துவது எவ்வாறு என்பதையும், அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பதையும் சிறிது நோக்குவோம்.

இத்தீவு 'த சிம்ஸ்' என்னும் கணனி விளையாட்டைச் சேர்ந்தது. அதனை ஆக்கியவர் வில் றைற் என்னும் அமெரிக்கர். 1989ஆம் ஆண்டில் நகரமைக்கும் விளையாட்டொன்றை வெளியிட்டுப் புகழ்பெற்றவர் அவர். 1991ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் மலைப்பகுதியில் மூண்ட பெருந்தீயில் அவரது வீடு எரிந்தழிந்தது. இழந்த வாழ்க்கையை மீண்டும் கட்டியெழுப்ப முயன்ற காலத்தில், மனிதனுக்கு உண்மையில் வேண்டுவன எவை என்னும் சிந்தனை அவருள்ளத்தில் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் 'த சிம்ஸ்' வெளிவருவதற்கு அச்சிந்தனையும் ஒரு தூண்டுகோலாயிற்று. இவ்விளையாட்டிலே வென்றவர், தோற்றவர் என்ற பேதம் இல்லை. சிறு மனிதர்களைப் படைத்து, வீடு கட்டிக் குடியேற்றி, அவர்தம் நாளாந்த வாழ்வை நடத்திச் செல்வதே ஆட்டம். 2002இலும் 2007இலும் வெளிவந்த இணைப்புகளில் இம்மனிதர்கள் விடுமுறை கழிக்கும் உல்லாசப் பிரயாணிகளாக வெளியிடம் சென்றனர். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்றாம் சிம்ஸ் விளையாட்டுக்கு இணைப்பாக இஸ்லா பரதீசோ வந்தது. விருந்தினராய்ச் சென்றவர்கள் இங்கே விருந்தினரை வரவேற்கும் உரிமையாளர்களாயினர்.

தீவின் இயற்கை வளம் கண்ணுக்கு இனியது. பெருந்தீவொன்றைச் சூழச் சிறு தீவுகள் நீலக் கடலிலே சிதறிக் கிடக்கின்றன. அவற்றுட் சில, தேடிச் செல்வோர்க்கே தம்மைக் காட்டுவன. கரையில் வீடின்றிப் படகையே வீடாகக் கொண்டு மிதந்து வாழலாம். கடலுள் மூழ்கினாற் பவளப்பாறைகளையும் மீன்கூட்டங்களையும் காணலாம். சுறாமீன் துரத்தினால் குகையுள் ஒளிந்து உயிர் தப்பலாம். நற்பேறு வாய்த்தாற் கடற்கன்னியரோடு நட்பும் பூணலாம். அங்குள்ள நாணயம் சிமோலியன் எனப்படும். அங்குள்ளோர் பேசுவது சிம்லிஷ் என்னும் கற்பனை மொழி. சொற்கள் நமக்கு விளங்கா. முகமும் குரலும் விளங்கும். நாம் சாதாரண வேகத்தில் ஆடினால் நமது 24 நிமிடங்களில் அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிடும்.

இனி விடுதிக்கு வருவோம். ஏற்கெனவே உள்ளதொன்றை வாங்கி நடத்தலாம். வெறுநிலத்திற் புதிதாகவும் எழுப்பலாம். வரவேற்பு மேசை, விருந்தினர் தங்கும் அறைகள், உணவு பரிமாறுமிடம், நீச்சல் குளம் என ஒவ்வொன்றாக அமைத்தல் வேண்டும். உணவின் தரத்தையும் ஊழியரின் சீருடையையும் அறைக் கட்டணத்தையும் தீர்மானிப்பவர் நாமே. வந்து தங்கினோர் தம் கருத்தைச் சொல்லிச் செல்வர். விடுதியின் பெருமை நட்சத்திரங்களால் அளக்கப்படும். உச்ச வரம்பு ஐந்து.

என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் விடுமுறையில் இத்தீவிலே விடுதி நடத்தியதைச் சில மாலைகள் அருகிருந்து கண்டேன். கையிலிருந்த பணத்திற் பெரும்பகுதியைக் குளத்துக்கும் பூந்தோட்டத்துக்குமே அவர் செலவிட்டிருந்தார். விருந்தினரோ முகஞ்சுளித்து நின்றனர்.

"சேர், குளம் இருக்குது, தோட்டம் இருக்குது; இவைக்கு இன்னும் என்ன வேணுமாம்?" என்றார் அவர்.

"சாப்பாடு வேணுமாக்கும், தம்பி" என்றேன்.

அவர் சிரித்தாராயினும், விடயம் அதுவேதான். மூன்றாம் சிம்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு மனிதருக்கும் ஆறு தேவைகள் விதிக்கப்பட்டுள்ளன. பசி, உறக்கம், உடற்றூய்மை, மலசலம், பிறரோடு கூடிப்பழகல், பொழுதுபோக்கு என்பனவே அவை. குளமும் தோட்டமும் இவற்றுள் ஒன்றிரண்டையே நிறைவு செய்யும். பசித்தவருக்கு அண்மையில் உணவும், களைத்தவருக்குக் கட்டிலும், அவசரமுற்றவருக்குத் துப்புரவான மலசலகூடமும் இன்றேல், பளிங்கு மண்டபமும் பயன் தராது. வந்தவர் கேட்குமுன்னே அவர் தேவையை அறிந்து வைத்தலே விடுதி நடத்துவோர் தொழிலின் உயிர்நிலை. பழுதுற்ற குழாயை அன்றே திருத்துவதும், ஊழியரைக் குறைத்து இலாபம் பெருக்க எண்ணாமையும், தரம் உயருமுன் கட்டணத்தை உயர்த்தாமையும் இதன்பாற்பட்டவை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. எல்லாரும் ஓய்வு நாடி வரும் அத்தீவிலே ஓய்வற்றவர் ஒருவரே, விடுதியின் உரிமையாளர். கடல் அவர் வாயிலில் இருக்கும். கண் கணக்கேட்டில் இருக்கும்.

திருக்குறளிலே விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக அமைந்துள்ளது. வள்ளுவர் அதனைப் பொருட்பாலில் வைத்தாரல்லர். அறத்துப்பாலில், இல்லறவியலில் வைத்தார். விருந்தினர் தரும் பொருளை எண்ணி உபசரிப்பது அவர் கருதிய விருந்தோம்பல் அன்று. விடுதித் தொழிலோ பொருளை எண்ணியே தொடங்குவது. ஆயினும், பொருளை மட்டும் எண்ணி அதனை நடத்தினாற் பொருளும் நில்லாது என்பதை இவ்விளையாட்டு விளங்கக் காட்டுகின்றது. அறத்துப்பாலைச் சேர்ந்த ஒரு பண்பைக் கைக்கொள்ளாமற் பொருட்பாலிலும் வெற்றி இல்லை என்பது நம் இளைஞர் உளங்கொள்ளத்தக்கது.

எனினும், அத்தீவின் கணக்கேட்டில் எழுதப்படாத பக்கங்களும் உள. உண்மையான கடற்கரையில் விடுதி எழும்போது, அங்கே தோணி ஏற்றி வலை உலர்த்தி வாழ்ந்தோர் எங்கே செல்வது என்ற வினா உடன் எழும். நூறு அறைகளுக்கு வேண்டிய நன்னீர் எந்தக் கிணற்றிலிருந்து வருவது? சேரும் குப்பையைக் கொட்டுவது எங்கே? பிரயாணிகள் வாராத மாதங்களில் ஊழியர் உண்பது எதனை? சீருடை அணிந்து நிற்பவருக்கும் வீடொன்றுண்டு. அவருடைய பிள்ளைக்கும் பாடசாலைச் செலவுண்டு. இவற்றுக்கு ஐந்து நட்சத்திரங்களிலே ஒன்றேனும் ஒதுக்கப்படவில்லை. விளையாட்டு எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்ற நியதியில்லை. சொல்லாததை நிரப்பிப் பார்ப்பது ஆடுபவர் கடமை.

பிள்ளைகள் கணனியின் முன் அமர்ந்தாலே காலம் வீணாகின்றது எனப் பெற்றோர் கவலையுறுகின்றனர். அக்கவலை நியாயமற்றதன்று, 24 நிமிட நாட்கள் பத்தைக் கழித்தால் நமது பொழுதில் நான்கு மணித்தியாலம் போய்விடும். ஆதலால் அளவு வேண்டும். அளவோடு ஆடும் பிள்ளையிடம், "எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்பதோடு நில்லாது, "உன் விடுதிக்கு வந்தவர்களுள் முகம் வாடிப் போனவர் யார்? ஏன் வாடினார்?" என்றும் கேட்டுப்பாருங்கள். அவ்வினாவுக்கு விடை தேடப் பழகிய பிள்ளை, நாளை உண்மை விடுதி ஒன்றிலே விருந்தினராய்த் தங்கும்போது, தன் அறையைத் துப்புரவு செய்ய வரும் மனிதரின் முகத்தையும் ஒருமுறை நிமிர்ந்து நோக்கும்.