எல்லைப் பாலம்

எர்ணாவூர், வடசென்னையில் எண்ணூரை அடுத்துள்ள ஊர். கடலும் ஆலைகளும் சூழ்ந்த இவ்வூரின் ஒரு பகுதிக்குப் பர்மா நகர் என்பது பெயர். மாணவர்களே! இப்பெயர் வந்த வரலாறு அறியத்தக்கது.

1962ஆம் ஆண்டில் படைத்தலைவர் நீ வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடைகளும் வாணிக நிலையங்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்து வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் பொருளிழந்து, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவருள் ஒரு சாரார் எர்ணாவூரில் குடியமர்ந்தனர். என்னிடம் தமிழ் பயின்றோருள் அக்குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு.

தாயகம் திரும்பியோர் சிலருக்கு இம்மண் புதுமண்ணாகவே இருந்தது. அவர்கள் பிறந்த நாட்டிற்கே மீள எண்ணி மணிப்பூர் வழியாகத் தரைவழியே சென்றனர். பர்மியப் படையினர் அவர்களைத் தடுத்துத் திருப்பிவிட்டனர். முன்னே செல்ல வழியின்றி, பின்னே திரும்ப மனமின்றி, அவர்கள் எல்லையூராகிய மோரேயிலேயே தங்கினர். இம்பாலுக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூரில் அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்தனர்; தமிழ்ச் சங்கமும் நிறுவினர்.

மோரேயையும், இன்று மியான்மர் எனப்படும் அந்நாட்டின் தமு என்னும் ஊரையும் இணைப்பது, எல்லையிலுள்ள சிற்றாற்றின்மேல் அமைந்த நட்புறவுப் பாலம். இந்தியப் பாதிக்கு வெண்மையும் மற்றப் பாதிக்கு மஞ்சளும் பூசி எல்லையைக் காட்டினர். 1995ஆம் ஆண்டில் இவ்வெல்லையில் முறையான வாணிகம் தொடங்கிற்று. 2018 ஆகஸ்டு 8ஆம் நாள், கடவுச்சீட்டுடன் பயணம் செய்வோர்க்கும் வழி திறந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக வாயில்கள் அடைபட்டன. பாலம் இருந்தது, போக்குவரத்து நின்றது.

இலக்கணத்தில் உடம்படுமெய் என ஒன்று படித்திருப்பீர்கள். உயிரின்முன் உயிர் வந்தால் இரண்டும் தாமே இணைவதில்லை. 'மணி', 'அழகு' என்னும் சொற்களுக்கிடையே யகரம் தோன்றி, 'மணியழகு' என இணைக்கின்றது. இருசொல்லும் தம் தன்மை கெடுவதில்லை. உடம்படுதல் என்றால் இசைதல் என்பது பொருள். பாலமும் இரு நாடுகளுக்கிடையே நிற்கும் உடம்படுமெய்யே. இருபாலாரும் இசையாவிடின் அது வெறும் கட்டடம்.

இங்கு வந்தோரின் உறவினருள் பர்மாவிலேயே தங்கிவிட்டோரும் பலர். ஆதலின் எல்லை திறந்ததென்னும் செய்தி வணிகர்க்கு ஊதியம். பிரிந்து வாழ்வோர்க்கோ உடன்பிறந்தார் முகம். பாலத்தின் பயனை அளக்க விரும்புவோர், அதன்மேற் செல்லும் சரக்கை மட்டும் எண்ணுதல் போதாது.