செருப்பைக் கொஞ்சம் கழற்றுங்க ஐயா

தோல் புற்றுநோய் யாருக்கு வரும் என்று கேட்டால், வெள்ளைத் தோல், செம்பட்டை முடி, நீலக் கண், வெயில் பட்டதும் வெந்து சிவக்கும் உடம்பு என்று பாடப்புத்தகம் அடுக்கும். அந்தப் பட்டியலோடு குரும்பலூரில் உட்கார்ந்தால் ஒருவரும் அதில் அகப்பட மாட்டார்கள். மக்காச்சோளக் காட்டிலும் சின்ன வெங்காயக் கொல்லையிலும் நாளெல்லாம் வெயிலில் நிற்பவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய தோலின் கருமை வெயிலின் கேட்டைப் பெருமளவு தடுக்கிறது. அதனாலேயே ‘நமக்கெல்லாம் அது வராது’ என்ற நினைப்பும் வந்துவிடுகிறது. இந்த நினைப்புதான் எனக்குப் பயம். நம் ஆட்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலில் தழும்பு.

“இது எப்பப் பட்டது ஐயா?”

“சின்னப் பையனா இருக்கறப்ப நெல்லு அவிக்கிற அண்டா சாஞ்சிருச்சும்மா. ஆறிப்போன புண்ணுதான். இப்ப மறுபடி கிளம்பியிருக்கு.”

ஆறிப்போன புண் மறுபடி கிளம்பியது என்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன். பழைய தீப்புண் தழும்பில் இப்படி வளரும் புண்ணைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜொலின் 1828-லேயே எழுதிவைத்தார். அது புற்றாகும் என்பது பின்னால் தெளிவானது. தீப்பட்டு முப்பது ஆண்டு கழித்துக்கூட வரும். வருடக்கணக்கில் ஆறாத கால்புண்ணிலும், தொழுநோயால் உணர்ச்சி போன பாதத்துப் புண்ணிலும் வரும். கையுறையோடு புண்ணின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். ஆறுகிற புண்ணின் ஓரம் மெத்தென்று உள்நோக்கிச் சரியும். ஓரம் கெட்டியாகி, மேலே தடித்து வெளிப்பக்கம் புரண்டு, தொட்டதும் ரத்தம் கசிந்தால் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பக் கூடாது.

அடுத்து இடுப்பு. பாவாடை நாடாவை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவதால் தோல் கறுத்து, தடித்து, அரிதாகச் சிலருக்குப் புற்றாகவும் மாறியதை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். வேட்டிக்கும் இதே கதைதான். நாடாவைப் பட்டையாக்கிக் கொஞ்சம் தளர்த்திக் கட்டச் சொன்னால் போதும், அம்மாக்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

பாஷாணம் சேர்ந்த மருந்து நெடுநாள் சாப்பிட்டார்களா என்றும் கேட்பேன். அதிலுள்ள ஆர்சனிக்கும் தோல் புற்றுக்கு வழி. அது உடம்பில் ஏறியிருந்தால் உள்ளங்கையில் நொய் ஒட்டினாற்போல் சொரசொரப்பு தெரியும்.

குழந்தை வெயிலைக் கண்டாலே கண் கூசி அழுது, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் புள்ளி விழுந்திருந்தால், பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும். வெயிலால் கெட்ட தோல் செல் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாத பரம்பரைக் கோளாறு அது. அந்தப் பிள்ளைக்கு நிழல்தான் மருந்து.

கடைசியில் செருப்பு. மெலனோமா என்ற கரும்புற்று நம்மவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. கறுத்த தோல்காரர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு ஓடுவது சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, நகக்கண் தோலிலும் கருமை இறங்கினால் அது வேறு. உள்ளங்காலில் வந்த கருமையை முள் குத்தியது, ஆணி என்று பிளேடால் சீவிக்கொண்டே இருப்பார்கள்.

சோதனைக்குத் துணுக்குச் சதை எடுக்க வேண்டும் என்றதும் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: “கத்தி வெச்சா பரவிடும்மா.” பரவாது ஐயா. கத்தி வைக்காமல் விட்டால்தான் நெறிகட்டும். இன்றைக்கே எடுத்தால் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும்.