வாசலோடு நின்ற அக்கா

கடைத்தெருவில் எனக்கு உறவுக்காரர்கள் அதிகம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கீரை விற்பவர் அக்கா, தேங்காய்க்காரர் அண்ணா. 29சி பஸ்ஸில் நகர்ந்து இடம் தரும் பெரியவர் தாத்தா. ரங்கநாதன் தெரு நெரிசலில் என் காலை மிதித்தவரைக்கூட 'பார்த்துப் போங்கண்ணா' என்றுதான் திட்டியிருக்கிறேன். கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்க வேண்டுமென்றால் அந்த 'அக்கா'வில் இன்னும் கொஞ்சம் இழுப்பு சேரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் பெருமையாக வேறு பேசுவேன். அடையாறில் ஒரு தோழி வீட்டில் ஸ்பெயின் பற்றிப் பேச்சு வந்தது. அங்கே இளவட்டங்கள் ஒருவரையொருவர் 'தீயோ' என்று கூப்பிடுவார்களாம். அப்பா, அம்மாவின் சகோதரரைக் குறிக்கும் சொல். நம்ம 'மச்சி' மாதிரிதான் என்று ஆரம்பித்தேன், நிறுத்தவில்லை. தெருவில் போகிறவரை அண்ணா என்போம், அத்தான் என்போமா? அத்தான், அத்தை எல்லாம் பெண் கொடுத்து எடுக்கும் முறை. 'மாமா' என்றால் இந்த ஊரில் போலீஸ்காரர், இல்லையென்றால் அதைவிட மோசம். (மாமி மட்டும் மயிலாப்பூரில் தாராளமாகப் புழங்கும், கூடவே சாதியையும் சொல்லிவிடும்.) அண்ணா என்றால் கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. ராத்திரி தனியாக ஆட்டோ ஏறும் பெண்ணின் முதல் வார்த்தை அதுதான். ஒரு முதலமைச்சரை அண்ணா என்றோம், இன்னொருவரை அம்மா என்றோம், 2013-ல் அந்த அம்மா பெயரில் இட்லிக் கடையே வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது டம்ளர்களை எடுக்க வந்த வயதான அம்மாளைத் தோழி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

என் வீட்டில் வேலை செய்பவருக்கு 61 வயது, எனக்கு 46. பதினோரு வருஷமாக அவர் என்னை 'அம்மா' என்கிறார். நான் அவரைப் பெயர் சொல்லி, வா, போ என்கிறேன். என்னைப் பார்த்து என் பதினைந்து வயது மகளும் அப்படியே.

மறதி என்று சொன்னால் அது பொய். கீரைக்கார அக்காவோடு உள்ள உறவு மீதிச் சில்லறை வாங்கியதும் தீர்ந்துபோகும். வீட்டுக்குள் ஒருவரை அக்கா என்றுவிட்டால் அது தீராது. கேட்ட லீவுக்கு முகம் சுளிக்க முடியாது. அடுக்களை ஜன்னலில் அவருக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை துணிந்து, "அக்கா, காபி குடிச்சிட்டுப் பாத்திரம் தேய்ங்க" என்றேன். குரல் எனக்கே நாடகம் போலக் கேட்டது. அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, புச்சா அக்கான்ற? சம்பளத்தக் கொறைக்கப் போறியா?"

இல்லை என்றேன். கூட்டித் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காபியை அந்தத் தனி டம்ளரில்தான் ஏற்கெனவே ஊற்றியிருந்தேன்.